தலைகீழ்த் தாளிப்பு

அடுப்புக்கரியைப் பற்றி எனக்கு எவரும் உபதேசம் செய்ய வேண்டிய அவசியமில்லை என்ற அகந்தையோடுதான் நான் டெக்சாஸ் மாகாணத்தில் விமானத்தை விட்டு இறங்கினேன். பாளையங்கோட்டையில் பாட்டியின் கரியடுப்புக்கு முன் குந்தி, பனையோலை விசிறியால் வீசி வீசி, கண்ணில் புகையும் தலையில் சாம்பலுமாக வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவதற்குள் மாட்டிறைச்சிக் குழம்பு பதமாகிவிட்டதா என்பதைத் தெருமுனையிலிருந்தே மூக்கால் நிர்ணயித்த பரம்பரையைச் சேர்ந்தவன் நான்.

மகன் வீட்டுப் பின்புறத்தில் நின்ற அடுப்போ, மூன்று கால் முளைத்த கறுப்புப் பூசணிக்காயைப் போலிருந்தது. 1952-ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றும் மழையும் தம் சமையலைக் கெடுப்பது பொறுக்காமல், அங்கே செய்துகொண்டிருந்த மிதவையின் பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கிக்கொண்டாராம். தண்ணீரில் மிதக்க வேண்டிய வஸ்துவுக்குள் நெருப்பை வைத்த அந்த மனிதரிடம் எனக்கு அப்போதே ஒரு மரியாதை பிறந்தது.

ஆனால் மகன் விளக்கிய முறைதான் எனக்கு விபரீதமாகப் பட்டது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள ஸ்டேக் துண்டுகளுக்கு முதல் நாள் மாலையே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்திருந்தான். கரியையெல்லாம் ஒரு பக்கம் குவித்து, இறைச்சியை மறுபக்கம் கிடத்தி மூடிவிட்டு, உள்ளே 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட் உஷ்ணம் மட்டுமே நிலைக்கும்படி காற்றுத் துவாரங்களைச் சுருக்கினான். துண்டின் மையத்தில் 115 டிகிரி வந்த பிறகுதான் அதை நேர் நெருப்பில் இடவேண்டுமாம். விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைத்து, உள்ளே வடை சுடும் வாசனையை மட்டும் அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலிலேயே நெருப்பில் வாட்டினால் சாறு உள்ளே அடைபட்டுவிடும் என்று லீபிக் என்ற ஜெர்மானிய ரசாயன பண்டிதர் 1847-இல் எழுதப்போக, உலகமே அதைச் சத்தியமென்று நம்பி வந்ததாம். அது உண்மையல்ல, வாட்டும்போது எழும் 'சுர்' என்ற சப்தமே சாறு வெளியேறும் சப்தந்தான் என்றான் மகன். அதுவுமன்றி, மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. தாண்டாதவரை, 1912-இல் மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தாரே, மணமும் பழுப்பு நிறமும் தருகிற ரசாயன மாற்றம், அதுவும் சரிவர நிகழாது. மெல்லிய சூட்டில் மேல்பரப்பு உலர்ந்துவிட்டாலோ, கடைசியில் பக்கத்துக்கு ஒரு நிமிஷ நெருப்பே போதும். உள்ளே வெந்து கெடுவதற்கு அவகாசமிராது. இவ்வளவு பிரசங்கத்துக்கும் பிறகு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: குழம்புக்கு முதலில் தாளிக்கிறோம், ரசத்துக்குக் கடைசியில் தாளிக்கிறோம், இவன் ஸ்டேக்கை ரசத்தின் ஜாதியில் சேர்த்துவிட்டான்.

அந்தச் சமயம் பார்த்து அவனுக்கு ஆபீஸிலிருந்து டெலிபோன் வந்தது. "அப்பா, மூடியை மட்டும் திறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். எட்டு வயதுப் பேரன், இறைச்சிக்குள் செருகிய உஷ்ணமானியின் எண்களைப் பஞ்சாங்கம் படிப்பதுபோல் வாசிக்கலானான்.

"தாத்தா, 98."

"நார்மல்தான்."

"தாத்தா, 104."

நம் வீட்டில் இந்நேரம் நெற்றியில் ஈரத்துணி போட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பியிருப்போம். என்னால் தாங்கமுடியவில்லை, மூடியைத் திறந்துவிட்டேன். கரி சாம்பல் பூத்துக் கிடந்தது. சாம்பல் பூத்த கரிக்கு உயிர் போகப்போகிறது என்பதே என் பூர்வீக ஞானம். இந்த ஊரிலோ அதுதான் கரியின் பக்குவ தசையாம். அறியாத நான், அருகில் கிடந்த பீட்சா அட்டைப்பெட்டியைக் கிழித்து, பாட்டியை மனத்தில் தியானித்துக்கொண்டு வீசினேன். அதோடு நின்றேனா? ஜீவகாருண்யத்தினால் ஒரு துண்டை மட்டும் நெருப்புப் பக்கம் இழுத்தும் விட்டேன். கொழுப்பு ஒரு சொட்டு விழுந்தது. ஜுவாலை என் புருவம்வரை வந்து குசலம் விசாரித்துச் சென்றது.

மகன் திரும்பி வந்தபோது அந்தத் துண்டின் ஜுரம் 165. அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாயாரும் இப்படித்தான், ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொல்லிவிடுவாள். மற்ற துண்டுகளைக் காப்பாற்றி, மூடியைப் போட்டு, 115-இல் நெருப்பின்மேல் இட்டு, புரட்டி, 130-இல் எடுத்தான். அறுத்தபோது மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு மெல்லிய ஓடு. உள்ளே விளிம்புமுதல் விளிம்புவரை ஒரே ரோஜா நிறம். தட்டில் ஊறிய சிவப்பு நீர் ரத்தமன்று, மையோகுளோபின் என்ற தசைப்புரதம் கலந்த நீர் என்று மருமகள் விளக்கினாள். விளக்கம் புத்தியில் ஏறியது. தொண்டைக்குள் இறங்க மறுத்தது. அமெரிக்க விவசாய இலாகாவே 145 டிகிரியும், பிறகு மூன்று நிமிஷ ஓய்வும் வேண்டுமென்று சொல்கிறதே என்று சாஸ்திரப் பிரமாணம் காட்டி வாதாடினேன். ஆனால் 165-க்கு அந்த இலாகாவிலும் எனக்கு ஆதரவு இல்லை.

என் தட்டில் என் கைவேலையே பரிமாறப்பட்டது. கத்தி அதன்மேல் வழுக்கியது. மருமகள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "மாமா, இதைச் சின்னதா நறுக்கி, மிளகும் கறிவேப்பிலையும் தாளிச்சுப் போட்டுத் தரவா?" என்று கேட்டாள். "கடைசியில்தானேம்மா தாளிக்க வேண்டும்" என்றேன் நான், மகனைப் பார்க்காமல்.

வாணலியிலிருந்து மணம் எழுந்தது. பேரன் நாற்காலிமேல் ஏறி நின்று, உஷ்ணமானியை ஒரு துண்டில் குத்தினான்.

"தாத்தா, 180!"

"இன்னும் கொஞ்சம் வதங்கட்டும்" என்றேன்.