எல்லோரும் மாநிறம்

எண்பதுகளில் எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டையில் கறுப்புப் பெண்ணே கிடையாது. தரகர் நோட்டில் நாங்கள் எல்லோரும் மாநிறம்தான். என் பெயருக்கு எதிரே மட்டும் "களையான முகம்" என்று கூடுதலாக ஒரு வரி. அதைப் படித்த உடனே மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் விளங்கிவிடும்.

"வெயில்ல நிக்காதேடி, இன்னும் கறுத்துடுவே" என்பாள் பாட்டி. தெருவில் தறிக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது ஓடிவந்து பிடிக்கச் சொல்வதும் அதே பாட்டிதான். சாயங்காலம் கஸ்தூரி மஞ்சளும் பயத்தம்மாவும் பூசி, காலையில் சூரியன் செய்ததைத் தானே அழித்துவிட்டதாக நம்புவாள். திருத்தணி ஸ்டுடியோவில் எனக்கு ரோஸ் பவுடர் அப்பி, இரண்டு விளக்கைப் போட்டு, பிரிண்டிலும் கைவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். முகம் ஒரு வீட்டுப் பெண்ணுடையது, கை இன்னொரு வீட்டுப் பெண்ணுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் கையைத்தான் பார்த்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டதாம். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம், 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்ற பிறகுதான் நம் ஊர்க் கடை அலமாரியில் பெயர் மாறவேண்டியிருந்தது. வரன் தேடும் ஷாதி.காம் நிறம் பார்த்து வடிகட்டும் வசதியை எடுத்ததும் அதே ஆண்டில்தான். இத்தனைக்கும் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009லேயே தொடங்கிவிட்டது. 2013இல் நடிகை நந்திதா தாஸும் சேர்ந்து குரல் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால் நமக்கு எங்கே காது கேட்கிறது!

சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். "அத்தை, உங்க உடம்பை நீங்க நேசிக்கணும். உங்க ஸ்கின் டோனைக் கொண்டாடணும்."

"முட்டி வலி வந்த நாள்லேர்ந்து நிறத்தையே மறந்துட்டேன்மா. இந்தக் கால் மாடி ஏறினாப் போதும், கொண்டாடிடலாம்."

சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தாள். படத்தில் நான் கோதுமை நிறம். ஸ்டுடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு செய்ததை அவள் போன் கேட்காமலே செய்திருந்தது. உடம்பை நேசிக்க அவள் கொண்டுவந்த பையில் மூன்று சீரம், ஒரு சன்ஸ்கிரீன். விலையைக் கேட்டேன். என்னை நானே வெறுத்த காலத்தில் இவ்வளவு செலவானதில்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முருகன் மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி நிற்கும்போது மட்டும் யாரும் யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை. 365 படி இறங்கிப் பஸ் ஏறியதும் பார்ப்பார்கள்.

போன வாரம் அண்ணன் மகளின் ஜாதகத்தோடு பயோடேட்டா வந்தது. உயரம், படிப்பு, சம்பளம், அதற்குக் கீழே நிறம்: மாநிறம். வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்ப்பவர்களே, மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள்.