உணரியும் வியர்வையும்

கேள்வி: காலணிக்குள் வைக்கும் அழுத்த உணரி நாள் முழுக்கச் சரியாகக் காட்டுமா?

பதில்: காலையில் காட்டிய எண்ணை மாலையிலும் நம்பிவிட முடியாது. மெல்லிய மின்தடை உணரி, ஒரே எடை தொடர்ந்து அழுத்தினாலும் அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். ஷூவுக்குள் ஏறும் சூடும் வியர்வையும் கணக்கை மேலும் புரட்டும். உணரியின் ஓரத்தில் மடிப்பு விழுந்தால் அங்குள்ள அளவுக் கட்டமே செத்தது. மின் உணரி இல்லாத வழியும் உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், பின்னாளில் அமெரிக்காவின் கார்வில்லில் சாய நுண்குமிழ் காலுறையைக் கையாண்டார்: அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ்கள் உடைந்து நீலம் படியும். மின்சாரமே வேண்டாம். இன்று சர்க்கரை நோயால் மரத்த பாதத்துக்கு உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழ் என்று இலக்கு வைத்துச் செருப்பு செய்கிறார்கள். அளவு பிசகினால் புண் வரும், நோயாளிக்கு வலிகூடத் தெரியாது. எங்கே அளந்தாலும், அணியும் முன்னும் கழற்றிய பின்னும் தெரிந்த அழுத்தத்தில் உணரியைச் சரிபார்க்காமல் எடுத்த அளவை ஏற்கவே கூடாது.