வாக்காளர் பட்டியலில் இருக்கிறோம், ஐயா

கோவிலுக்கு வராத குடும்பங்களை எப்படி இழுப்பது என்று திருச்சபைகள் தீவிரமாக யோசிக்கின்றன. குளிர்சாதன அரங்கில் யோசிக்கின்றன. மதியம் மட்டன் பிரியாணியோடு யோசிக்கின்றன. சாயங்காலம் ஒரு துணைக்குழு பிறக்கிறது. துணைக்குழு எல்.இ.டி. திரை வாங்கச் சொல்கிறது. வாங்கியாயிற்று. உபயம் செய்தவர் பெயர், திரையில் ஓடும் வசனத்தைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. குடும்பங்கள் வரவில்லை.

இவ்வளவு செலவு எதற்கு? தூத்துக்குடியிலிருந்து நெல்லை சாலையில் புதுக்கோட்டைக்கு வாருங்கள். அப்படியே சாயர்புரம், நாசரேத் என்று ஒரு சுற்றுப் போங்கள். வராதவனைத் தேடிப் பிடிக்கும் கலை இந்தப் பக்கம் கைவந்து வெகுநாளாகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல் வரட்டும், பாருங்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் கிடப்பவனுக்குப் போன் வரும். “தம்பி, சங்கக் காணிக்கை பாக்கி இருக்கே, கவலப்படாத, நாங்க கட்டியாச்சு.” பஸ் டிக்கெட் வரும். வாசலுக்கு வேன் வரும். நடக்க முடியாத பாட்டியைத் தூக்க நாற்காலியும் நாலு பேரும் வருவார்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த மருமகள் எதிரணிக்காரர் வீட்டுப் பெண், எல்லாம் விரல்நுனியில். அதே பாட்டி இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எந்த வார்டு என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஓட்டுக்கு ஏன் இத்தனை பாடு? பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கல்லூரிகள் இருக்கின்றன. நிலம் இருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் சம்பளம் அரசாங்கம் தரும்; ஆளை நிர்வாகம் நியமிக்கும். இந்த ஒரு ஏற்பாடு புரிந்தால் மீதி தானாகப் புரியும். ஒரு வேலைக்கு ஊரில் பேசிக்கொள்ளும் தொகையை இங்கே எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

2003-இல் நெல்லையிலிருந்து பிரிந்தது தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம். அதை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதியை உயர் நீதிமன்றம் அனுப்ப வேண்டிவந்தது. 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் உள்ள நெல்லைத் திருமண்டல அலுவலகத்தில் ஒரு போதகருக்கே அடி விழுந்தது, நெல்லை எம்.பி. மீது வழக்குப் பதிவானது. மேலிடம் மட்டும் இளைத்ததா? பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக்கும் ஆசை கோர்ட்டு வரை போனது. 2024-இல் தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை அமைப்பான சினாடைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமித்தது. காலையில் பத்துக் கற்பனை. மதியம் இடைக்காலத் தடை.

இதையெல்லாம் பிள்ளைகள் செல்போனில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்: செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

அந்தக் காலத்து மிஷனரிகளைப் பாருங்கள். கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே இந்தச் சீமைக்கு வந்தார். மறு வருஷம் ஜி.யு. போப் சாயர்புரத்துக்கு வந்து மாணவர்களைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். இவர்களும் புனிதர்கள் அல்ல. தான் பணிசெய்த மக்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய புத்தகத்துக்கு எதிராக அந்த மக்களே கொதித்தெழுந்தார்கள். ஆனால் இந்த மிஷனரிகள் வீடு தேடி வந்தார்கள். ஓட்டுக் கேட்டு வரவில்லை.

இன்றைக்குத் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டு. உப்பளத்துப் பெண் இருட்டோடு எழுந்து போகிறாள். பிள்ளைக்கு நீட் கோச்சிங். ஆராதனை நேரத்தைக் கொஞ்சம் மாற்றலாமே என்றால், காலங்காலமாக இதுதான் வழக்கம் என்பார்கள். ஓட்டுப்பதிவை மட்டும் அவரவர் வசதிக்குச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள எந்த வழக்கமும் தடுப்பதில்லை.

வராத வீட்டில் ஒரு சாவு விழட்டும். குழி வெட்டும் முன்னே ரசீதுப் புத்தகம் திறக்கிறது. பாக்கியைக் கட்டு, பிறகு மணி அடிக்கலாம். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கடன் வாங்க ஓடிய மகன் அடுத்த ஞாயிறு முதல் வரிசையில் உட்காருவான் என்று எதிர்பார்க்கிறார்களா? அவனைப் பற்றித்தான் கருத்தரங்கில் ‘நவீனக் குடும்பங்களின் விசுவாசக் குறைவு’ என்று கட்டுரை வாசிக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி மிதந்தது. மீனவர்கள் படகோடு வந்தார்கள். நீ எந்தச் சபை, சந்தா கட்டினாயா என்று எவனும் கேட்கவில்லை. அந்த வாரம் வாசலுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் மனப்பாடம். எந்தத் துணைக்குழுவும் அதை அழிக்க முடியாது.

அடுத்த தேர்தலுக்கு வேன் வரும். உடனே ஏறிவிடாதீர்கள். வேட்பாளரை வாசலில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன தேர்தலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் செத்தது யார்? பெயரைச் சொன்னால் ஏறுங்கள்.