டிரம் மூடியும் தெளியாமையும்: கோரமண்டல் நீரியலில் ஒரு துணிபு

சோழமண்டலக் கரையின் பெயரைச் சுமந்துகொண்டு, கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே, கோலார் தங்கவயலில் உட்கார்ந்திருக்கிறது கோரமண்டல். பெயரிலேயே ஒரு கடல் தீர்ந்துபோனதால்தான் குழாயில் காற்று வருகிறது என்பாரும் உளர். அது தனி ஆய்வுக்குரியது. வீட்டு நீச்சல்குளம் கலங்கினால் எப்படித் தெளியவைப்பது என்று செல்வர் கேட்கும் கேள்வியை இவ்வூருக்குப் பொருத்தினால், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் நீச்சல்குளமெனத் தகுவது வாசலோரத்து 200 லிட்டர் டிரம் ஒன்றே. அதில் நீந்துவது கொசுப்புழு மட்டுமே என்பதால் வகைப்பாடு பிழையாகிவிடாது.

லாரித் தண்ணீர் கலங்கலாக வந்தால் வீட்டில் எழும் முதல் தீர்ப்பு, படிகாரம் போதவில்லை என்பது. எமது துணிபு வேறு: போதாதது படிகாரம் அன்று, மூடியைத் திறக்காதிருக்கும் பொறுமை. களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை; பங்காளிகளைப் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்தப் பகையைத் தணிக்க, துகள்கள் திரண்டு கனத்து இறங்குகின்றன. இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் வகுத்த விதிப்படி, துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு மைக்ரான் துகள் தானாக ஒரு முழம் இறங்க ஐந்து நாள் பிடிக்கும். திரண்டுவிட்டால் ஓர் இரவே போதும். அந்த இரவில் 'தெளிஞ்சுதா?' என்று மூடியைத் தூக்கிச் சொம்பால் ஒரு கலக்குக் கலக்கிப் பார்ப்பவர், இறங்கியதை மறுபடி ஏற்றிவிடுகிறார். பெரிய நீச்சல்குளங்களிலும் படிகாரம் போட்டபின் மோட்டாரை நிறுத்தி, வண்டல் இறங்கியபின்தான் அதை உறிஞ்சுகிறார்கள். மோட்டாரை நிறுத்தலாம், மூடியைத் தூக்கும் மாமியாரை எப்படி நிறுத்துவது என்பதற்கு ஸ்டோக்ஸிடம் விதி இல்லை.

அப்படியானால் படிகாரத்தைக் கூட்டினால் சீக்கிரம் இறங்காதா என்பர். இறங்காது. அளவு மிஞ்சினால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடி தள்ளிக்கொள்ளும், தண்ணீரும் துவர்க்கும். ஒரு டிரம்முக்குப் பெரும்பாலும் பத்து கிராமே போதும். படிகாரமே வேண்டாம் என்னும் தேற்றாங்கொட்டைக் கட்சியினர் கலித்தொகையைக் காட்டி வாதாடுவர். அந்நூலில் அக்கொட்டை தண்ணீரைத் தெளிவிப்பது உவமையாக வருவது மெய். எட்டிக்கு உறவினமான அம்மரத்தின் கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்தால் தண்ணீர் தெளியும். தேய்த்த பிறகு பானையை ஆட்டாமல் வைக்க வேண்டும் என்பதால் சங்கச் சான்றும் எம் பக்கமே.

இவ்வூருக்கு இதைக் கற்பிக்க வேண்டியிருப்பதுதான் வியப்பு. 1880 முதல் 2001 வரை பாறையை மாவாய் அரைத்து, பின்னாளில் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து, மிச்சத்தை வண்டலாய்க் குவித்த ஊர் இது. அந்தச் சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. காற்றடித்தால் அதில் ஒரு பங்கு மூடாத டிரம்மில் விழுகிறது. ஆகவே மூடி, தெளிவுக்குத் துணை மட்டுமன்றி நிலவியலுக்கு எதிரான அரணும் ஆகும்.

தெளிந்த நீர் நல்ல நீர் ஆகிவிடுமா என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும் அதுவே. ஆகாது. கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரின் புளோரைடு கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் இருக்கும், கிருமியும் அப்படியே. குடிக்கும் நீரைக் காய்ச்சுங்கள். காய்ச்சினாலும் புளோரைடு போகாது என்பதால் போர்வெல் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். மற்றபடி, இரவு படிகாரம் சுழற்றியபின் விடியும்வரை மூடியைத் தொடாதீர்கள், காலையில் மேலாக மொண்டுகொள்ளுங்கள், அடி வண்டலை முருங்கைக்கு ஊற்றுங்கள்.