கரி படாத கொல்லன் பட்டறை

கொல்லன் தெருவில ஊசி விக்கப் போகாத எண்டு பழசுகள் சொல்லி வச்சிதுகள். ஊசி வித்தாலும் பறவாயில்ல மனே. இப்ப கொல்லன் தெருவையே பெட்டியில அடைச்சு வித்திரிக்கிறாங்களே, அதுக்கு என்ன சொல்லுவாய்?

டென்மார்க்குச் சாமான். லெகோ எண்டு பேர். பெட்டி இலக்கம் 21325, வந்தது 2021-ல. உள்ளுக்க 2,164 கட்டைகள். எல்லாத்தையும் அடுக்கி முடிச்சா வெள்ளைக்காரன்ட மத்தியகாலக் கொல்லன் பட்டறை ஒண்டு எழும்பி நிக்கும். கீழ உலையும் பட்டடையும். அதுக்கு மேல சமையலறை. அதுக்கும் மேல படுக்கையறை. கிளெமென்ஸ் ஃபீட்லர் எண்ட ரசிகர் ஒருத்தர்ட யோசனையாம். இப்பிடி ரசிகர்கள் குடுக்கிற யோசனைக்கு 10,000 பேர் 'எங்களுக்கும் வேணும்' எண்டு கை தூக்கினாத்தான் கொம்பனி அதை எடுத்தே பாக்குமாம். பத்தாயிரம் பேர்! நம்மட பக்கத்தில நிசப் பட்டறை ஒண்டு மூடக்குள்ள எத்தினை பேர் கை தூக்கினாக்கள்? நீ தூக்கினியா?

வந்த புதுசில அமெரிக்காவில 150 டொலர் விலை. நீ சுவிசில இரிக்கிற மாமனைப் பிடிச்சு எடுப்பிச்சிரிக்கிறாய். கெட்டிக்காரன். அந்தக் காசுக்கு எத்தினை மண்வெட்டி வரும் எண்டு நான் கேக்க மாட்டன். கேட்டா நீ கோவிப்பாய்.

பெட்டியில வயசும் போட்டிரிக்கிறான் பாரு, 18-க்கு மேலயாம். எங்கட காலத்துக் கொல்லனார்ட பிள்ளைகள் பால்பல்லு விழுந்த கையோட துருத்தி இழுத்ததுகள். நிச நெருப்புக்குப் பால்பல்லு காணும். பொய் நெருப்புக்கு மீசை வேணும். காலம் நல்லாத்தான் முன்னேறியிரிக்கு!

மறுகா, அந்தப் பட்டறைக்கு வாற ஆக்களைப் பாத்தியா? கொல்லனோட சேத்து நாலு பேர். ஒருத்தி வில்லுக்காரி. ரெண்டு பேர் சண்டைக்கார வீரர். ஒரு குதிரை, ஒரு நாய். மண்வெட்டி தோய்க்க வந்த வெள்ளாமைக்காரன் ஒருத்தன் இரிக்கிறானா? இல்ல. கத்திக்குப் பிடி கழண்டுபோச்சு எண்டு முணுமுணுக்கிற கிழவி? அவவும் இல்ல. அப்ப அந்தக் கொல்லன் சீவிக்கிறது எப்பிடி? சண்டைக்காரன் வருசத்தில ஒருக்கா வாள் வாங்குவான், கடனும் சொல்லுவான். வட்டைக்காரன்தான் மாரிக்கு மாரி வருவான். பட்டறையைக் காப்பாத்தினது வாளில்ல மனே, தாக்கத்தியும் மண்வெட்டியும். இப்ப வயலுக்குள்ள வெட்டு மெசின் இறங்கின பிறகு தாக்கத்திக்கும் வேலை குறைஞ்சுபோச்சு. பட்டறை ஏன் மூடுது எண்டு நீ கேக்கல்ல, நானாத்தான் சொல்றன்.

படுக்கையறைக் கதைக்கு வருவம். உலைக்கு மேல கட்டில்! சித்திரை வெயிலில ஒரு ராவு அதில படுத்துப் பாரன். அவன்ட ஊர் குளிர் ஊர், கீழ எரியிற நெருப்பு மேல படுக்கிறவனுக்குச் சுகம். அதை நான் குறை சொல்லல்ல. ஆனா நீ வாகரையில இரிந்துகொண்டு அதைத்தான் 'அசல் பட்டறை' எண்டு கூட்டாளிகளுக்குக் காட்டுறாய். நம்மட பட்டறை வீட்டை விட்டுத் தள்ளித்தான் நிக்கும். நாலு கால், பதிவான கூரை. ஏன் பதிவு? காசில்லாமலா? இல்ல. உள்ளுக்க வெளிச்சம் கூடினா இரும்பின்ட நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. நிறம் தெரியாட்டி சூடு தெரியாது. கொல்லனார் வெப்பமானி வச்சா வேலை செஞ்சார்? கண்தான்.

இரும்பு உருக 1,538 பாகை வேணும். அடிச்சு வளைக்க அவ்வளவு வேணாம், ஆயிரம் பாகைக்குக் கிட்ட வந்து செம்மஞ்சளாப் பழுத்தாக் காணும். அடிக்கிறதோட வேலை முடியுமா? வாயைத் தண்ணியில தோய்க்க வேணும். தோய்ச்ச கையோட விட்டா கண்ணாடிக் குணம் வந்து கல்லில பட்ட உடனே தெறிக்கும். அதனால திரும்ப இளஞ்சூடு காட்டி, அந்தத் திமிரைக் கொஞ்சம் இறக்க வேணும். உன்ட கட்டை ஏபிஎஸ் எண்ட பிளாஸ்டிக். நூத்துச் சொச்சம் பாகையிலேயே இளகிப்போகும். உலைக்குள்ள வைக்கிறது கிடக்கட்டும், உலைக்குப் பக்கத்தில வச்சாலே உன்ட கொல்லன் தலை குனிஞ்சிருவான்.

அவன்ட உலையில நெருப்பும் இரிக்கெண்டு சொன்னாய். ஓம், பாத்தன். துருத்தியை அமத்தினா கரிக்குள்ள ஒரு சின்ன வெளிச்சம் வருது. பொத்தான் பற்றரி! இந்தப் பக்கத்தில பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை இரிந்த சண்டைக் காலத்தை நீ காணல்ல மனே. ரெண்டு பற்றரியை மடியில வச்சுக்கொண்டு சென்றி தாண்டினா நெஞ்சு துருத்தி மாதிரி அடிக்கும். இப்ப பொய்க்கரியைச் சிவக்க வைக்கிறதுக்குப் பற்றரி போடுறீங்க. போடுங்க. தடையில்லாத காலம் வந்தது நல்லதுதான். விளையாட்டுக்கு எண்டாலும் அது வந்தது நல்லதுதான்.

2006 கடைசியில சண்டைக்குப் பயந்து வாகரையை விட்டு ஓடி, அடுத்த வருசம் திரும்பி வந்தம். வளவெல்லாம் பத்தை. வந்த சனம் முதல்ல தேடினது என்ன? அலுமாரியா? கதிரையா? கத்தி, மண்வெட்டி, அலவாங்கு. மண்ணுக்குள்ள துருப்பிடிச்சுக் கிடந்ததையெல்லாம் கிளறி எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனம். தேஞ்ச மண்வெட்டி கத்தியாச்சு. ஒடிஞ்ச லொறி ஸ்பிரிங் பிளேட் கோடரியாச்சு. வீட்டுக்கு முந்தி ஆயுதம் வேணும். வெட்டிற ஆயுதத்தைச் சொல்றன், சுடுறதை இல்ல. நீ திரும்பிப் பாக்காத.

லெகோக்காரனை நான் பழிக்கிறன் எண்டு நினைக்காத. அவன் நம்மட சாதிச் சனம்தான், தொழிலால. பில்லுண்ட் எண்ட கிராமத்துத் தச்சன், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். உலகமே காசில்லாமக் கிடந்த 1932-ல, ஏணியும் வீட்டுத் தளபாடமும் விலைப்படாத நேரம், மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினவன். நெருப்பும் அவனுக்குப் புதுசில்ல. 1924-ல பட்டறை எரிஞ்சுது. 1942-ல திரும்ப எரிஞ்சுது. அவன் செத்தபிறகு 1960-லயும் எரிஞ்சுது. அதோட மகன் மரச்சாமானையே விட்டுப்போட்டு முழுக்கப் பிளாஸ்டிக்குக்குத் திரும்பினான். 1958-ல பதிஞ்ச அச்சில வந்த கட்டை இண்டைக்கு வாற கட்டையோடயும் பொருந்துமாம். அது வேலை! ஆப்பு வைக்காமப் பொருந்திற வேலையைக் கண்டா நான் தொப்பியைக் கழட்டுவன். தொப்பி இல்லாதபடியாச் சால்வையைக் கழட்டுறன்.

ஆனா உன்னைப் பாத்துத்தான் சிரிப்பு வருது. எட்டுக் குமிழ் வச்ச ஒரே மாதிரிக் கட்டை ஆறு எடுத்தா, அதை 91 கோடியே 51 லச்சத்து 3 ஆயிரத்து 765 விதமாப் பொருத்தலாம் எண்டு கணக்கர் கணக்குப் போட்டிரிக்கிறாங்க. வெறும் ஆறு கட்டைக்கு! உன்ட கையில 2,164 கிடக்கு. நீ என்ன செஞ்சாய்? புத்தகத்தைத் திறந்து, ஒண்டாம் பக்கம் சொன்னதை ஒண்டாவது வச்சு, கடைசிப் பக்கம் சொன்னதைக் கடைசியா வச்சாய். மறுகா கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டி வச்சாய். தூசு தட்ட ஒரு தூரிகை வேற. 'நான் கட்டினன்' எண்டு போட்டோவும் போட்டாய். கட்டினது நீயா, புத்தகமா?

பழசைப் பாத்து அதே மாதிரிக் கட்டுறது பிழையில்ல. கட்டினதிட்ட ஒரு கேள்வி கேக்க வேணும். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ எண்டு இரிக்கு. அங்க ஆயிரம் வருசத்துக்கும் முந்தி மலைச்சரிவில, மேற்கைப் பாத்து, துருத்தியே இல்லாத உலைகள் வச்சிரிக்கிறாங்க. தென்மேல் பருவக்காத்துத்தான் துருத்தி. இஞ்ச நம்மட கண்ணுக்குள்ள புழுதி இறைக்கிற கச்சான் இரிக்கே, அதே காத்துத்தான் மலைக்கு அங்கால இரும்பு உருக்கியிரிக்கு. ஜில் ஜூலெஃப் எண்ட ஆராய்ச்சிக்கார அம்மா அந்த உலைகளைக் கண்டுபிடிச்சா. வெறுங்காத்தில இரும்பு எடுக்க ஏலுமா எண்டு படிச்சவங்களுக்கே சந்தேகம். அம்மா கண்ணாடி அலுமாரி தேடல்ல. அந்தக் காத்துக்கு முன்னாலேயே அதே மாதிரி உலை கட்டிக் கரி போட்டுக் கொளுத்தினா. இரும்பும் வந்துது, உருக்கும் வந்துது. 1996-ல நேச்சர் எண்ட பெரிய விஞ்ஞான இதழில அது வெளிவந்துது. அதுவும் மாதிரிப் பட்டறைதான், உன்னதும் மாதிரிப் பட்டறைதான். அவட பட்டறை ஒரு விடை சொல்லிச்சு. உன்ட பட்டறை என்ன சொல்லுது?

என்ட புத்தியைக் கேப்பியெண்டா, உடைச்சுப் போடு. ஏன் பதறுறாய்? நீ வாங்கின சாமானே உடைக்கத்தான். கொல்லனார் பழைய மண்வெட்டியை உடைக்காமக் கத்தி செஞ்சவரா? உடைச்ச கட்டையில பனிச்சங்கேணிப் பாலத்தைக் கட்டு. ஒரு வாடியைக் கட்டு. பதிவான கூரையோட நம்மட பட்டறையைக் கட்டு. சண்டைக்காரன்ட கையில இரிக்கிற வாளைப் பிடுங்கிப்போட்டு ஒரு மண்வெட்டியைக் குடு. பிழைச்சாத் திரும்ப உடை. இரும்பு பிடிச்ச கையும் சிரங்கு பிடிச்ச கையும் சும்மா இராது எண்டுவாங்க. கட்டை பிடிச்ச கை மட்டும் ஏன் சும்மா இரிக்க வேணும்?

அதுக்கு முந்தி, நெருப்பு இன்னும் அணையாத பட்டறை ஒண்டு எங்க இரிக்கெண்டு விசாரிச்சுப் போ. காலத்தாலயே போ. சிரட்டைக்கரி கண்ணில புகைக்கும், வேர்வை கொட்டும், வெள்ளைச் சேட்டு போடாத. காத்துக்கு ஆள் வேணுமா எண்டு கேட்டுப்போட்டு ஒரு மணித்தியாலம் இழு. மறுகா வந்து உன்ட கட்டைப் பட்டறையில என்ன பிழையெண்டு நீயே எனக்குச் சொல்லுவாய்.

வெறுங்கையோட மட்டும் போகாத, மரியாதையில்ல. பின்னால சாத்தியிரிக்கிற என்ட மண்வெட்டியைக் கொண்டுபோ. வாய் மழுங்கிப்போச்சு, நல்லாத் தோய்ச்சுத் தரச் சொல்லு. கூலியை நீயே குடுத்திரு மனே. 150 டொலருக்குப் பட்டறை வாங்கினவனுக்கு அது ஒரு காசா?