கூச்ச சுபாவமுள்ள அலுவலருக்கு ஒரு முகவரி தேவை

மதிப்புக்குரிய நுகர்வோர் விவகாரத் துறைக்கு,

எரியாத விளக்கை அனுப்பிய வெளிநாட்டுக் கடை, அது எரியாததை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது. அனுப்பினால், ‘திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, இல்லையென்றால் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு விளக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறது. பெருந்தன்மைதான். தங்கள் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இங்கே கடை இல்லாவிட்டாலும் இந்தியருக்குத் தொடர்ந்து விற்பவர் எவரும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். விதியில் ஒரு குறையும் இல்லை. அந்த அலுவலர்தான் கூச்ச சுபாவம், வெளியே வருவதில்லை.

குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாமே என்பீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் சீனாவின் ஷென்ஜென் நகரக் கிடங்கு ஒன்றில் கூச்சப்பட்டு ஒளிந்திருப்பவருக்கு நோட்டீஸை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவு இன்னும் கருணையானது. பழுதான சரக்கைப் பொதுவாக 30 நாளுக்குள் திரும்ப ஏற்றுமதி செய்தாலோ, அதிகாரி முன்னிலையில் அழித்தாலோ, கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம். விற்றவரைப் பிடிக்க ஆளில்லை, விளக்கை உடைப்பதைப் பார்க்க மட்டும் ஓர் அதிகாரி இருக்கிறார்!

மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் இப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். விலை குறைந்தால் உரிமையும் குறையும் என்று தங்கள் விதி எங்கும் சொல்லவில்லை. கடல் தாண்டி அரசின் கை நீளாது என்பதும் சரியல்ல, பார்சல் அரசின் வாசல் வழியாகத்தானே வருகிறது? வரி கட்டும்வரை அதை நிறுத்திவைக்கத் தெரிகிறது. வரியை எண்ணி வாங்கிவிட்டு, பழுது என்றதும் கையை விரிப்பது அயோக்கியத்தனம். மன்னிக்கவும், தங்கள் அளவற்ற பொறுமைக்கு முன் இது அதிகப்பிரசங்கித்தனம். சுங்கம் வேறு துறை என்பதும் தெரியும். விளக்கு வாங்கியவருக்கு அரசு ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல், தன் எல்லைக்குள் பொறுப்பாளர் ஒருவர் இல்லாத நுகர்பொருளைச் சந்தையில் அனுமதிப்பதில்லை. அது பொருளின் பாதுகாப்புக்கான விதி, திருப்பிக் கொடுப்பதற்கானது அல்ல. என்றாலும் நோட்டீஸ் அனுப்ப ஒரு பெயரும் முகவரியும் அங்கே கிடைத்துவிடுகின்றன. தாங்களும் காகிதத்தில் கேட்டதைச் சுங்க வாசலில் கேட்டால் என்ன? வரித் தொகைக்குப் பக்கத்தில் ஓர் இந்திய முகவரி, அவ்வளவே. கூச்ச சுபாவமுள்ளவர் பேசக்கூட வேண்டாம், திரும்பி வரும் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
இருட்டில் இருக்கும் நுகர்வோர்