கிரகக் கோளாறு

கே: எங்கள் ரோபோவின் சின்ன பிளானட்டரி கியர்பாக்ஸ் டக் டக் என்கிறது. எந்தக் கியரில் கோளாறு?

ப: முதலில் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டுங்கள். அப்போதும் கத்தினால் கியர் மேல் வீண்பழி வேண்டாம்! மோட்டார் அமைதியாக ஓடினால், கிரகங்களில்தான் தோஷம். ஜோசியர் தேவையில்லை, காது போதும். நடுவில் சூரிய கியர், சுற்றி மூன்று கோள் கியர்கள், வெளியே அசையாத வளையம். கையால் மெல்லச் சுற்றி எண்ணுங்கள். வெளித்தண்டின் ஒரு சுற்றுக்குச் சீராக மூன்று 'டக்' வந்தால் வளையத்தில் ஒரு பல் போச்சு. மூன்று கோளும் அதை மிதித்துத்தான் போகின்றன. கோளின் பல் உடைந்திருந்தால், அது தன் பின்னில் ஒருமுறை சுழல்வதற்குள் சூரியனிடம் ஒரு தட்டு, வளையத்திடம் ஒரு தட்டு. பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள். இரும்புத்தூள் மின்னினால் புது கிரீஸ் மட்டும் போட்டு மூடிவிடாதீர்கள். சத்தம்தான் அடங்கும், தேய்மானம் அடங்காது.